காய்ஞ்ச பூவுக்கு என்ன நிறம்?

எங்க மாரமங்கலம் பக்கத்துல ஒரு காட்டுப் பூவைப் பறிச்சு புத்தகத்துக்குள்ள வச்சுப் பாருங்க. கொஞ்ச நாள்ல பழுப்பாயிடும். வடிவம் இருக்கும், நிறம் போயிடும். கலர் போட்டோ இல்லாத காலத்துல தாவரவியலாளர்களுக்கு இது பெரிய சிக்கல். அந்த நிறத்தைக் காப்பாத்தினவங்க ஓவியர்கள்.

நான் வேலையில நிறத்தை ஹெக்ஸ் கோடா எழுதுறேன். இந்த யோசனை கம்ப்யூட்டருக்கு ரொம்ப முந்தினது. 1786-87ல் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் பயணம் செய்த ஃபெர்டினாண்ட் பாவர், பென்சில் படத்துல நிறத்துக்குப் பதிலா எண்களைக் குறிச்சார். ஆக்ஸ்ஃபோர்டு திரும்பின பிறகு, அந்த எண்களைப் பார்த்து வண்ணம் தீட்டினார்.

ஆனா எண் மட்டும் போதாது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவரா இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் வெளுத்துத் தெரியுதுன்னு புகார் வந்தது. சோதிச்சுப் பார்த்தா சாயத்துல குறையே இல்ல. பக்கத்துல இருந்த நிறம்தான் கண்ணை ஏமாத்துது. 1839-ல் இதை அவர் ஒரு விதியாவே எழுதினார்: எந்த நிறமும் தனியாத் தெரியாது, பக்கத்து நிறத்தோட சேர்ந்துதான் தெரியும்.

பூ வரையுறவங்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. பச்சை இலை நடுவுல சிவப்புப் பூ, இருக்கிறதை விடச் சிவப்பாத் தெரியும். பின்னணியிலும் நிறம் போட்டா குழப்பம் இன்னும் கூடும். வெறும் வெள்ளைத் தாள் அதைத் தவிர்க்க உதவுது. இலையின் நிழலுக்குக் கறுப்பு கலந்தா பச்சை செத்துப்போகும். எதிர் நிறமான சிவப்பைத் துளி கலந்தா ஆழம் வரும், இலையும் உயிரோட இருக்கும்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களைப் பத்தி 'ஐகோன்ஸ்' என்ற பெரிய நூல்தொகுதியைக் கொண்டுவந்தார். 2,000-க்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்கள். வரைஞ்சவங்கள்ல முக்கியமானவங்க ரங்கய்யா, அவருக்குப் பின் கோவிந்து. கல்லச்சுல விழுறது கறுப்புக் கோடுதான். வண்ணம் வேணும்னா ஒவ்வொரு பிரதிக்கும் கையாலதான் தீட்டணும், செலவு எகிறும். அதனால 'ஐகோன்ஸ்' படங்கள் பெரும்பாலும் வண்ணமில்லாமலே வந்தன. நிறம் தங்கியிருக்கிறது இவங்க கையால தீட்டின மூல ஓவியங்கள்ல. அதுல நிறைய இன்னைக்கு எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கு.

வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா'ன்னு பெயர் வச்சார். பின்னால வகைப்பாட்டியலாளர்கள் அதை 'ட்ரோபிடியா'வுல சேர்த்துட்டாங்க. அறிவியல் பட்டியல்ல அந்தப் பெயர் இப்ப வழக்கில் இல்ல.

ஏற்காட்டுல ஆர்க்கிட்களுக்குன்னே ஒரு அரசுத் தோட்டம் இருக்கு. போனீங்கன்னா போன்ல படம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பூவை நிதானமாப் பாருங்க. அந்த நிறத்தை ஒரு தூரிகையால பிடிக்கணும்னா எதை எதோட கலப்பீங்க? ரங்கய்யாவும் கோவிந்துவும் ஒவ்வொரு பூவுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிச்சாங்க.