வட்டையிலிருந்து பட்டிக்கு: ஒரு வைக்கோல் கட்டின் கதை

கல்முனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் இந்த வட்டைகளில் பாய்கிறது. மாரிப் போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும். அப்போது ஊர் முழுக்க நெல்லைப் பற்றித்தான் பேச்சு: எத்தனை மூட்டை, என்ன ஈரம், ஆலைக்காரர் என்ன விலை சொல்கிறார். அதே பயிரில் விளைந்த வைக்கோலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஓகஸ்ட் வெயிலில் பட்டியில் எத்தனை மாடு எழுந்து நிற்கும் என்பதை அந்த வைக்கோல்தான் தீர்மானிக்கிறது.

முன்பெல்லாம் வைக்கோலுக்கு ஓர் ஒழுங்கான வாழ்க்கை இருந்தது. கத்தியால் அறுத்த கதிர் உப்பட்டியாகக் காயும். பிறகு அதைக் குவித்துச் சூடாக வைப்பார்கள். களவெட்டியில் எருமைக் கடாக்கள் சுற்றிச் சுற்றி மிதித்து நெல்லை உதிர்க்கும். உதறிய வைக்கோல் களவெட்டி ஓரத்திலேயே போராக எழும். நெல் வீட்டுக்குப் போனாலும் போர் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். மிதித்த மாட்டுக்கும் மேய வந்த மாட்டுக்கும் அதுவே தீனி. எருமையின் இடத்துக்கு உழவு இயந்திரம் வந்த பிறகும் போர் மிஞ்சியது.

போரை இல்லாமல் செய்தது வெட்டு மிசின். அது ஓடிக்கொண்டே அறுக்கிறது, அடிக்கிறது, தூற்றுகிறது. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் அது பெரிய உதவிதான். ஆனால் வைக்கோலை அது பின்பக்கமாகத் துப்பிவிட்டுப் போகிறது. நசுங்கிய வைக்கோல் வயல் நெடுக வரிசையாகக் கிடக்கிறது. அள்ளிச் சேர்க்க ஆளும் வண்டியும் வேண்டும். அடுத்த போகத்துக்கு உழ அவசரம். அங்கேதான் வைக்கோலின் வழி பிரிகிறது.

ஒரு வழி நெருப்பு. ஒரு தீக்குச்சியில் வயல் வெளித்துவிடும். இன்னொரு வழி மழை. இரண்டு நாள் நனைந்தால் பூஞ்சணம் பிடித்து மாடு முகர்ந்தும் பார்க்காது. மூன்றாவது வழியை மாட்டுக்காரர்தான் ஓடிப்போய்த் திறக்கவேண்டும்.

"காக்கா, நெருப்பு வெச்சிராதீங்க. நான் ஏத்திட்டுப் போறன்."

"ஏத்துறதெண்டா இண்டைக்கே ஏத்து தம்பி. நாளைக்கு மழை வந்தா உனக்குமில்ல, எனக்குமில்ல."

ஆண்டாண்டாக வரப்பில் நடக்கும் இந்தப் பேச்சுத்தான் பல மாடுகளின் ஆயுளைக் கூட்டியிருக்கிறது. சிலர் இப்போது கட்டும் மிசினைக் கூலிக்கு எடுக்கிறார்கள். மற்றவர்கள் கையால் அள்ளி உழவு இயந்திரப் பெட்டியில் மிதித்து ஏற்றுகிறார்கள். சம்மாந்துறையிலிருந்து காரைதீவுச் சந்திக்கு வந்து, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அந்தப் பெட்டிகள் பிரிந்து போகும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளைந்த நெல்லின் எடைக்கு ஏறத்தாழ நிகராக வைக்கோலும் விளைகிறது. ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் நெல் என்று வைத்தால் வைக்கோலும் ஏறத்தாழ ஒன்றரைத் தொன். நம்முடைய சிறிய நாட்டு மாடு ஒரு நாளைக்குத் தின்பது நாலைந்து கிலோ. அடித்தாளாகவும் சிதறியும் பாதி வயலிலேயே போனாலும், ஓர் ஏக்கர் ஒரு மாட்டை ஐந்து மாதம் தாங்கும். ஏக்கர் ஒன்றுக்கு நெருப்பு வைப்பவர் ஒரு மாட்டின் ஐந்து மாதத்தை எரிக்கிறார்.

அந்த மாதங்கள் எவை என்பது பட்டிக்காரருக்குத் தெரியும். இந்தக் கிழக்குக் கரையில் மாட்டுக்குப் பசி ஆண்டில் இரண்டு முறை வருகிறது. முதலாவது கோடை. சிறுபோகப் பயிர் வயலில் நிற்க, மேட்டுநிலப் புல் கருகி, குளங்கள் வற்றும் காலம். இரண்டாவது மாரி. வெளியூர்க்காரருக்கு இது விளங்காது: மழை பெய்து எங்கும் பச்சையாக இருக்கும்போது மாடு ஏன் பட்டினி கிடக்கிறது? அந்தப் பச்சை நெற்பயிர் என்பதால்தான். போகம் தொடங்குமுன் நடக்கும் விவசாய ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளோடு, வட்டையிலிருந்து மாடுகளை அகற்றும் நாளும் குறிக்கப்படும். அதன் பின் அவை காட்டோரம் போகவேண்டும். காட்டோரத்திலோ யானை, வெள்ளம், நில வழக்கு. அக்கரைப்பற்றுக்குத் தெற்கே வட்டமடுவில் வயலா மேய்ச்சல் தரையா என்ற பிணக்கு பல்லாண்டாக நீள்கிறது. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.

மெலிந்த மாடு குளிரையும் தாங்காது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. நனைந்து, தீனியின்றி நிற்கும் உடம்பில் சூடு உண்டாக வழியில்லை. வயிற்றில் நார்த்தீனி இருந்தால்தான் அது செரிக்கும்போது உடல் சூடாகும்.

பட்டிக்கு வந்து சேர்ந்தும் வைக்கோலின் பயணம் முடியவில்லை. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். இரைப்பையில் நாரை உடைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் வேண்டும். வைக்கோலில் அது போதாது. அதனால்தான் வயிறு ஊதியிருந்தும் விலாவெலும்பு தெரிகிறது. இதற்கு மருந்து வயலிலேயே இருக்கிறது: யூரியா. 1980களில் நெதர்லாந்தின் உதவியோடு இலங்கையில் நடந்த வைக்கோல் ஆய்வுகள் இதை விரிவாகச் சோதித்தன. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கவேண்டும். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடவேண்டும். பத்து நாள் கழித்துத் திறந்தால் அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். வைக்கோல் பழுப்பாகி மெத்தென்று இருக்கும். சற்று நேரம் காற்றாட விட்டுத்தான் கொடுக்கவேண்டும். இளங்கன்றுக்கு ஆகாது. யூரியாக் கரைசலை எந்த மாடும் குடித்துவிடக்கூடாது. குடித்தால் உயிர் போகும். முறையாகச் செய்தால் புரத அளவு ஏறத்தாழ இரட்டிக்கும், மாடும் கூடுதலாகத் தின்னும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து யூரியா எட்டாக்கனியானபோது, நெல்லோடு சேர்ந்து இந்த வழியும் அடைபட்டது. அப்போதும் கைகொடுத்தவை வேலியில் நிற்கும் கிளிரிசீடியா, இப்பில் இப்பில் போன்ற புரதம் நிறைந்த தழைகள்.

வைக்கோல் கடைசியில் பாலாகிறது, சட்டித் தயிராகிறது, சாணமாகி வயலுக்கே திரும்புகிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாவாகவும் ஆகிறது. எலும்பில் மச்சையற்றுப் போன மெலிந்த பிராணி உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்று மார்க்கம் சொல்கிறது. பெருநாளுக்குக் கொழுத்த மாடு வேண்டுமென்றால், அதற்கான தீனியை மார்ச்சிலேயே சேர்க்கவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாடுகளை அகற்றும் நாளைக் குறிக்கிற அதே ஆரம்பக் கூட்டத்தில், அறுவடைக்குப் பின் வைக்கோலை ஏற்றிக்கொள்ள ஒரு வாரத்தையும் குறியுங்கள். அந்த வாரம் முடியும்வரை எந்த வட்டையிலும் நெருப்பு வைப்பதில்லை என்று வட்டைப் பொறுப்பாளர்களான வட்டவிதானைமார் முன்னிலையில் முடிவெடுங்கள். கமநல சேவை நிலையங்கள் கட்டும் மிசினை நியாயக் கூலிக்குக் கிடைக்கச் செய்யட்டும். வயல்காரரின் உழவும் பிந்தாது, பட்டிக்காரரின் மாடும் சாகாது.