உபதேசியாரும் ஐயரும்

எங்க ஆறுமுகநேரிப் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை 'ஐயர்'னுதான் சொல்வோம். அவருக்குக் கீழே, சின்ன ஊர்ச் சபையைப் பார்த்துக்கிடுறவர் உபதேசியார். இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள ஒரே ஒரு படி, ஒரு காலத்துல திருநெல்வேலிச் சபையையே பிரிச்சுப் போட்டது.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் ஜெர்மன்காரர். லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். உள்ளூர் ஆட்களைப் படிக்கவைத்து உபதேசிமாராக ஊர் ஊருக்கு அனுப்பினார். அவர்கள் வேதம் சொல்லலாம், ஜெபம் பண்ணலாம். நற்கருணை கொடுக்கணும்னா குருப்பட்டம் வேணும். ரேனியஸ் வேலை பார்த்த சி.எம்.எஸ். சங்கமோ ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. அங்கே பேராயர் கைவைத்தால்தான் பட்டம். பேராயர் இருந்ததோ கல்கத்தாவில்! (சென்னைக்குத் தனிப் பேராயர் வந்ததே 1835இல்தான்.)

நாத்து விட்டவனே நடக்கூடாதா என்கிற மாதிரி, நானே பட்டம் கொடுப்பேன் என்றார் ரேனியஸ். சங்கம் ஒத்துக்கலை. 1835இல் அவரை விலக்கிவிட்டது. பல சபைகள் அவர் பின்னாலேயே போயின. 1838இல் அவர் இறந்த பிறகுதான் பெரும்பாலும் திரும்பின.

அடுத்த சில வருஷத்தில், ஆத்தைத் தாண்டி வடக்கே, சாயர்புரத்தில் ஜி.யு.போப் செமினரி தொடங்கினார். பனங்காட்டு நடுவுல லத்தீனும் எபிரேயமும் நடந்திருக்கு! அந்த ஊரில் இப்போ போப் பேரிலேயே கல்லூரி இருக்கு. பஸ்ஸில் போறவங்க பார்த்திருப்பீங்க.