செயற்கைக் கண் ஓடு

காயத்தாலோ நோயாலோ பார்வை போய்ச் சுருங்கிய கண்ணின் மேல், மறுகண்ணின் சாயலில் வண்ணம் தீட்டி அணியும் மெல்லிய வளைதகடு. குழியில் பொருத்தும் முழுச் செயற்கைக் கண்ணில் சொந்தக் கண் எடுக்கப்பட்டிருக்கும்; இதில் அது உள்ளேயே இருப்பதால், அது திரும்பும்போது ஓடும் திரும்பும். பார்வை மட்டும் மீளாது.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பரே பொன்னிலும் வெள்ளியிலும் செய்த கண்களை விவரித்தார். பின்னர் வெனிஸ் கண்ணாடிக் கண்களுக்குப் பேர்போனது. 1835இல் ஜெர்மனியின் லவுசாவில் லுட்விக் முல்லர்-ஊரி இத்தொழிலைத் தொடங்கினார். அவர் மரபில் வந்த வீஸ்பாடன் முல்லர்கள், 1887இல் இமையை இழந்த ஒருவரின் கண்ணைக் காக்க ஊதிச் செய்த கண்ணாடி உறை ஓட்டின் முன்னோடிகளில் ஒன்று. ஒட்டுவில்லைகளின் வரலாற்றிலும் அது பேசப்படுகிறது.

கண்ணாடி கைதவறினால் உடையும். கண்ணீர் பட்டுப் பட்டு மேற்பரப்பு சொரசொரப்பாகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றபோது, அமெரிக்க இராணுவப் பல் மருத்துவப் பிரிவினர் பல்செட்டுக்கான அக்ரிலிக்கில் கண் செய்தார்கள். இன்றும் இது பாதி பல்செட் வேலைதான்: அச்சு எடுத்து, மெழுகில் வடித்து, இமை திறப்பைச் சரிபார்த்து, அக்ரிலிக்கை வெந்நீரில் இறுகவைப்பார்கள். கருவிழியை நோயாளியை எதிரே உட்காரவைத்துத் தீட்டுவதும், இரத்த நாளங்களுக்குச் சிவப்புப் பட்டு இழைகளைப் பிரித்து ஒட்டுவதும் ஓவியன் வேலை. கடையில் கிடைக்கும் ஆயத்த ஓடு மலிவு. ஆனால் பார்வை எங்கோ நிற்கும், இமையும் சரியாக மூடாது.

விழிமுன்படலத்தில் உணர்ச்சி மிஞ்சியிருந்தால் ஓடு உறுத்தும். முதலில் தெளிவான சோதனை ஓட்டைச் சில மணி நேரமாகப் பழக்குவார்கள். தாங்காவிட்டால், விழிவெண்படலத்தை இழுத்து மூடித் தைத்த பிறகே அளவெடுப்பார்கள்.

தமிழ்நாட்டில் 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை மிகப் பழையது. மதுரை அரவிந்த் (1976), சென்னை சங்கர நேத்ராலயா (1978) ஆகியவற்றில் கண்ணிமைச் சீரமைப்புப் பிரிவுகள் உண்டு. குமரி மாவட்டத்தாருக்கு அருகில் அரவிந்தின் திருநெல்வேலிக் கிளை (1988) இருக்கிறது. அம்மாவட்டத்தில் கருங்கல் சிற்பத்துக்குப் பேர்பெற்ற மயிலாடியில், உளியடியில் தெறிக்கும் கற்சில்லு கண்ணுக்கு நிரந்தர ஆபத்து. ஓடு அணிந்தவர் மீண்டும் உளி பிடிப்பதானால், மிஞ்சிய ஒரே கண்ணுக்காகப் பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம். ஓட்டை அவ்வப்போது மென்சோப்பில் கழுவி, ஆண்டுக்கொரு முறை மெருகேற்ற வேண்டும்.