கோளாறு எந்த முனையில்? காலடிப்பேட்டை முதல் பம்பு ஷெட் வரை ஒரு கம்பியின் கதை



காலடிப்பேட்டை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஆதிசங்கரர் பிறந்த காலடியோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். கம்பெனிக்குத் துணி நெய்ய ஆள் வேணும் என்று திருவொற்றியூர் பக்கத்தில் நெசவாளர்களைக் குடிவைத்தார். காலெட் பேட்டை, ஜனங்க வாயில் காலடிப்பேட்டை ஆயிடுச்சு. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் கம்பெனி கைக்கு வந்தது 1708-ல். அதுக்குப் பிறகு உருவான பேட்டை இது. இப்போ அந்தப் பேரில் மெட்ரோ ஸ்டேஷனே இருக்கு. 2021 பிப்ரவரியில் திறந்தாங்க.

என் மச்சான் வீடு அங்கேதான். அந்த ஊர் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வாங்க. காலெட் துரையிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சிபுரம் வரதர் மேல் தீராத பக்தி உள்ளவர். "இந்த நேரம் காஞ்சியில் என்ன நடக்குது, சொல்லு பார்ப்போம்" என்று துரை கேட்க, அவர் இங்கிருந்தே சொன்னாராம். துரை ஆள் அனுப்பி விசாரிச்சால் சொன்னது அப்படியே சரியாக இருந்ததாம். அப்புறம்தான் கோயில் கட்ட உதவினார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, எனக்கு அதில் பிடிச்சது ஒண்ணு. தூரத்துச் சேதி வந்தால் மட்டும் போதாது, அது சரியா என்று பார்க்கவும் ஒரு வழி வேணும். அன்னைக்கு அதுக்கு ஆள்தான் போய் வரணும். எழுபது எண்பது கிலோமீட்டர், போய் வர எத்தனை நாள் ஆயிருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அந்த நாட்களை நொடியாக்கினது கம்பி. 1839-ல் ஓஷாகனசி என்ற டாக்டர் கல்கத்தாவில் கம்பி இழுத்து மின்சாரத்தில் சேதி அனுப்பிப் பார்த்தார். 1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை லைன் வந்தது. 1855-ல் பொதுமக்களுக்குத் தந்தி திறந்துவிட்டபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ் எல்லாம் ஒரே கம்பியில் சேர்ந்திருந்தது. அடுத்த வருஷம், 1856 ஜூலையில், ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. நம்ம வட சென்னைக்கு இந்தப் பெருமை எல்லாம் உண்டு, நாமதான் பேசுறது இல்லை.

தரைக் கம்பி அறுந்தால் ஆள் நடந்து போய் கண்ணால் பார்த்துடலாம். மரம் விழுந்திருக்கும், கம்பம் சாய்ந்திருக்கும், எவனாவது செம்புக்காக வெட்டியிருப்பான். கடலுக்கு அடியில் போட்ட கம்பியை எப்படிப் பார்க்கிறது?

மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போட்டு முடித்தது 1870 கடைசி, 1871 தொடக்கத்தில். நடுவில் செம்பு, அதைச் சுற்றி மலாய் நாட்டு மரப்பாலான கட்டா பெர்ச்சா, அதுக்கு மேல் சணலும் இரும்புக் கம்பியும். சிங்கப்பூரிலிருந்து ஜாவா, ஜாவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின். ஆஸ்திரேலியாக்காரங்க டார்வினிலிருந்து பாலைவனத்தைக் கடந்து தெற்கே கம்பி இழுத்து 1872 ஆகஸ்ட் 22-ல் முனைகளைச் சேர்த்தாங்க. அத்தனை பாடு பட்டும் லண்டனுக்கு உடனே சேதி போகலை. ஏன்னா ஜாவாவுக்கும் டார்வினுக்கும் நடுவில் கடல் கம்பி ஜூன் மாசமே செத்துப் போயிருந்தது. அதைச் சரி பண்ணி ஆஸ்திரேலியாவுக்கு முழு இணைப்பு கிடைக்க அக்டோபர் ஆயிடுச்சு. அதுக்குப் பிறகு அந்த நாட்டுச் சேதி நம்ம மெட்ராஸ் வழியாகத்தான் லண்டன் போச்சு. பல ஆயிரம் மைல் கம்பி நல்லா இருந்தும், ஒரு இடம் போனால் மொத்தமும் போனதுதான்.

அந்த ஒரு இடத்தைக் கரையில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கிற வித்தையை அந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடிச்சாங்க. ப்ளஸ் டூ புத்தகத்தில் வீட்ஸ்டன் பாலம் என்று ஒரு பாடம் வரும். மார்க்குக்காகப் படிச்சு மறந்திருப்போம். அதுதான் இந்த வேலைக்குப் பயன்பட்டது. ஒரு மைல் செம்புக் கம்பிக்கு இத்தனை ஓம் தடை என்று முதலிலேயே அளந்து குறிச்சு வைப்பாங்க. ஒரு கணக்கு சொல்றேன். மைலுக்கு 10 ஓம், கம்பி நீளம் 100 மைல், மொத்தம் 1000 ஓம். மேலுறை கிழிஞ்சு மின்சாரம் கடலில் கசியுது. மறுமுனையைத் தொடாமல் விட்டுவிட்டு இந்த முனையிலிருந்து அளந்தால் 400 ஓம். அப்போ கோளாறு 40-வது மைலில் என்று கிளம்பிவிடக் கூடாது. அந்தக் கிழிசலுக்கே ஒரு தடை இருக்கு. அதனால் மறுமுனையிலிருந்தும் அதே மாதிரி அளப்பாங்க. அங்கே 800 ஓம் வருது என்று வைங்க. ரெண்டையும் கூட்டினால் 1200. இருக்க வேண்டியது 1000. மிச்சம் 200, கிழிசலின் தடை ரெண்டு தடவை கணக்கில் வந்ததால். ஒரு தடவைக்கு 100. அதை 400-ல் கழிச்சால் 300 ஓம், அதாவது 30-வது மைல். கப்பல் அங்கே போய் கொக்கி போட்டு கம்பியைத் தூக்கி, வெட்டி, ரெண்டு பக்கமும் சோதிச்சு, ஒட்டுப் போட்டு மறுபடி இறக்கும். அட்லாண்டிக் கடலில் 1865-ல் அறுந்து மூழ்கின கம்பியை, மூணு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்திலிருந்து 1866-ல் கொக்கியில் பிடிச்சுத் தூக்கி ஒட்டினாங்க. கிணத்தில் விழுந்த வாளியைப் பாதாளக் கொலுசு விட்டு எடுத்தவங்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

கோளாறு எங்கே என்று பார்க்காமல் கையை வைத்தால் என்ன ஆகும் என்பதுக்கும் அதே கடலில் கதை இருக்கு. 1858-ல் போட்ட முதல் அட்லாண்டிக் கம்பியில் சேதி சரியாக வரலை. ஒயிட்ஹவுஸ் என்பவர் அழுத்தத்தைக் கூட்டினால் வரும் என்று சுமார் 2000 வோல்ட் வரை ஏத்தினார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த கம்பி சில வாரத்திலேயே மொத்தமாக அடங்கிப் போச்சு. வில்லியம் தாம்சன் சொன்னது வேற. மின்சாரத்தைக் கூட்டாதே, பார்க்கிற கருவியை நுணுக்கமாக்கு என்றார். ஒரு சின்னக் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் பட்டு அசைவதை வைத்தே சேதி படிக்கிற கால்வனாமீட்டர் அவர் செய்தது.

இன்னைக்கும் சென்னைக் கரையில் கடல் கம்பிகள் ஏறுகின்றன. சிங்கப்பூருக்குப் போவது உண்டு, 2020 ஆகஸ்டில் திறந்த அந்தமான் கம்பி உண்டு. இப்போ செம்பில் மின்சாரம் இல்லை, கண்ணாடி இழையில் ஒளி. கோளாறு பார்க்க ஒரு ஒளித் துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுது என்று பார்க்கிறாங்க. இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு மில்லி செகண்டில் திரும்பி வந்தால், அறுந்த இடம் சுமார் 100 கிலோமீட்டரில். கருவி மாறியிருக்கு, கேள்வி அதே கேள்விதான்.

இனி வீட்டுக்குள் வரும் கம்பி. 1973 மே மாசம் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். ஒரே கம்பியில் பல கம்ப்யூட்டர்கள் பேசுவது எப்படி என்பது விஷயம். அதுதான் ஈதர்நெட். ஒரே லைனில் பல தந்தி ஆபீஸ் இருந்தபோது ஒவ்வொண்ணுக்கும் தனி அடையாள எழுத்து இருக்கும். தன் எழுத்து வந்தால் மட்டும் அந்த ஆபீஸ் பதில் கொடுக்கும். ஈதர்நெட்டிலும் அதே மாதிரி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு அடையாளம் வேணும். 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூணு பேரும் சேர்ந்து போட்ட விதியில் 48 பிட் நீளத்தில் அது வந்தது. மேக் அட்ரஸ் என்பது அதுதான். உலகத்தில் ரெண்டு கருவிக்கு ஒரே எண் இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஒயர்களை ஜோடி ஜோடியாக முறுக்கி இரைச்சலைக் குறைக்கிறது இன்னும் பழசு. 1881-லேயே டெலிபோனுக்காக கிரகாம் பெல் காப்புரிமை வாங்கினது.

எங்க ஷெட்டில் இருப்பது ஆர்டுயினோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. 2005-ல் இத்தாலியில் இவ்ரியா ஊரில் மாணவர்களுக்காகச் செய்தது. அதுமேல் ஈதர்நெட் போர்டு ஒண்ணு. போர் தண்ணி மட்டத்தையும் மூணு பேஸ் வந்ததா என்பதையும் பார்த்து, 70 மீட்டர் ஒயர் வழியாக வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர். செல்போனில் பக்கத்தைத் திறந்தால் அளவு தெரியும். வெளி இன்டர்நெட் தேவையில்லை. செய்து கொடுத்தது காலடிப்பேட்டை மச்சான் பையன்.

இது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. நாங்க மீஞ்சூர் பக்கம். இங்கே நிலத்தடியில் கடல் தண்ணி ஏறுவது 1960-களின் கடைசியிலேயே ஆய்வில் வந்த சங்கதி. போரில் மட்டம் ரொம்ப இறங்கும் வரை இறைச்சால் எங்க போரில் உப்பு ஏறுது, நாத்து கருகுது. மட்டம் தெரியாமல் ஓட்டினால் சப்மெர்சிபிள் காயில் போயிடும். மூணு பேஸ் ராத்திரியில் எப்போ வரும் என்று தெரியாது.

மூணு மாசம் நல்லா ஓடியது. அண்ணன் ஷெட்டிலும் அதே மாதிரி ஒண்ணு வைத்து அதே ஸ்விட்சில் சேர்த்தோம். அன்னையிலிருந்து ரெண்டும் விட்டு விட்டு வேலை செய்தது. நாத்து விட்டிருந்த நேரம் வேற. ஒரு கடையில் கேட்டால் போர்டு போச்சு, ரெண்டையும் மாத்துங்க என்றாங்க. நாலு ராத்திரி நானும் அண்ணனும் டார்ச்சோடு வரப்பில்தான் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பையன் திருவொற்றியூரில் ரயில் ஏறி வந்தான். "மாமா, எதையும் மாத்தாதீங்க. கீழே இருந்து ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றான். அவன் பார்த்த வரிசையைக் கீழே தர்றேன், யாருக்காவது பயன்படும்.

முதலில் கரண்ட். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கினால் போர்டு மயங்கிப் போகலாம். மீட்டர் வைத்துப் பார்த்தான், சரியாக இருந்தது.

ரெண்டாவது ஒயர். ஸ்விட்சில் பச்சை விளக்கு எரியுதா? எரியலைன்னா ஒயர் அல்லது முனை. கடலோரக் காத்துக்கு முனையில் பச்சை பூத்துவிடும். 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. மோட்டார் ஒயரோடு ஒட்டிப் போகக் கூடாது. எங்களுக்கு விளக்கு எரிந்தது.

மூணாவது முகவரி. போர்டின் ஐ.பி. எண்ணும் கம்ப்யூட்டரின் எண்ணும் ஒரே வரிசையில் இருக்கணும். கம்ப்யூட்டரிலிருந்து பிங் அனுப்பினான். நாலு பதில் வந்தது, அப்புறம் இல்லை, அப்புறம் மறுபடி வந்தது.

பிங் ஒழுங்காக வந்தும் பக்கத்தில் அளவு ஏறலைன்னா நாலாவதாக சர்வரைப் பார்க்கணும். போர்டுக்குள் சர்வர் முகவரியை 127.0.0.1 என்று எழுதியிருந்தால் அது தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுறதுக்குச் சமம். அந்த எண் யாருக்கும் தன்னையே குறிக்கும். கம்ப்யூட்டரின் ஃபயர்வால் தடுக்கலாம், அதையும் பார்க்கணும்.

எங்க கோளாறு மூணாவதிலேயே மாட்டியது. அண்ணன் ஷெட் ஒயரைப் பிடுங்கினான், எங்களுது ஒரு மணி நேரம் அசையாமல் ஓடியது. எங்களுதைப் பிடுங்கினான், அவருது ஓடியது. தனித்தனியாக நல்லது, சேர்ந்தால் சண்டை. பையன் சிரிச்சுட்டான். ரெண்டு போர்டிலும் மாதிரி புரோகிராமில் இருந்த மேக் அட்ரஸையே அப்படியே விட்டிருந்தான். ஐ.பி. எண் வேற வேற, ஆனால் அடையாளம் ஒண்ணு. ஸ்விட்ச் எந்த அடையாளம் எந்த வாசலில் இருக்கு என்று பார்த்து வைத்துத்தான் சேதியை அனுப்பும். அதே அடையாளம் ரெண்டு வாசலில் மாறி மாறித் தெரிந்தால் இவருக்கு வந்த பதில் அவருக்குப் போகும். ஒரே அடையாள எழுத்தோடு ரெண்டு தந்தி ஆபீஸ் உட்கார்ந்திருந்தால் என்ன கூத்தோ, அதுதான்.

அந்த மாதிரி புரோகிராமில் இருக்கும் எண்ணை இங்கிலீஷில் படிச்சால் டெட் பீஃப் என்று தொடங்கும். செத்த மாட்டுக் கறி. மாடு வளர்க்கிற வீட்டில் இதுவா அடையாளம் என்று அண்ணி சத்தம் போட்டாங்க. ரெண்டு இலக்கம் மாத்தினான். பத்து நிமிஷ வேலை, ஒரு ரூபாய் செலவில்லை.

இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்னு போச்சு. மெட்ராஸ் தந்தி ஆபீஸில் லைன் சோதிச்ச பெரியவங்க இன்னும் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பாங்க. உங்க வீட்டில் அப்படி யாராவது இருந்தால், கோளாறை எப்படித் தேடினாங்க என்று உட்கார்ந்து கேட்டு எழுதி வைங்க. எங்க ரெண்டு பெட்டி மேலேயும் இப்போ பெயிண்டில் எழுதி வெச்சிருக்கோம்: ஷெட் பேரு, ஐ.பி. எண், மேக் எண், ஒயர் நீளம். நாத்து தப்பிச்சுது. அடுத்த வாரம் நடவு.