‘குஊத்’: உட்கார்ந்திருத்தலைக் குறிக்கும் ஒரு சொல்லின் வரலாறு

உடலுழைப்பற்ற வாழ்வை மருத்துவர்கள் ‘செடன்டரி’ வாழ்க்கை என்கின்றனர். ‘உட்கார்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையே அச்சொல்லின் வேர். அரபியில் அதே பொருள் தரும் வேர்ச்சொல் ‘கஅத’. உட்கார்ந்திருத்தல் ‘குஊத்’ எனப்படும். கடமை அழைக்கும்போது அசையாதிருப்போரைத் திருக்குர்ஆன் ‘காஇதூன்’, அதாவது உட்கார்ந்திருப்போர் என்றே அழைக்கிறது.

எனினும் இவ்வேர் இழிபொருளுக்கு மட்டும் உரியதன்று. தொழுகையில் நாம் அமரும் இருப்பு ‘கஃதா’. அரபுகள் போரை நிறுத்தி அமர்ந்த புனித மாதம் ‘துல்கஃதா’ எனப் பெயர் பெற்றது. இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) இருவரும் உயர்த்திய கஅபாவின் அடித்தளங்களைத் திருமறை ‘கவாஇத்’ என்கிறது (2:127). மணவாழ்வில் நாட்டம் ஒழிந்த மூதாட்டியரைக் குறிப்பதும் அதே சொல்லே (24:60). இன்றைய அரபியில் பணி ஓய்வு ‘தகாஉத்’. ஆக, அமர்தல் வணக்கமாகலாம், உறுதியாகலாம், ஓய்வாகலாம்.

அது எப்போது குற்றமாகிறது? இதற்கான விடை ஒரு வசனம் இறங்கிய வரலாற்றில் உள்ளது. இறைவழியில் பாடுபடுவோரும் உட்கார்ந்திருப்போரும் சமமாகார் என்னும் வசனத்தை (4:95) நபி (ஸல்) அவர்கள் சொல்ல, ஸைத் பின் ஸாபித் (ரலி) எழுதிக்கொண்டிருந்தார்கள். அவ்வேளை பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து, தமக்கு இயன்றிருந்தால் தாமும் புறப்பட்டிருப்பேனே என்றார்கள். உடனே வஹீ இறங்கியது. ஸைதின் தொடைமீது இருந்த நபியவர்களின் தொடை, நசுங்கிவிடுமோ என்று அவர் அஞ்சுமளவுக்குக் கனத்தது. ‘இயலாமை உடையோர் நீங்கலாக’ என்ற பொருளுடைய சொற்கள் அவ்வசனத்தில் சேர்ந்தன. நோயாளியும் முதியவரும் ஊனமுற்றோரும் அப்பழியிலிருந்து நீங்கினர். இயன்றும் எழாதவரே எஞ்சினர்.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டின் தபூக் பயணம் அத்தகையோரை வெளிப்படுத்தியது. கடும் வெயிற்காலம், கனிகள் பழுத்து, நிழல் இனித்த பருவம். வெயிலைக் காரணம் காட்டிப் பின்தங்கியோர், தம் இருக்கையில் மகிழ்ந்தனர் என்கிறது திருமறை (9:81). அங்கு ஆளப்பட்ட சொல் ‘மக்அத்’. நயவஞ்சகர் அல்லாத கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களும் பின்தங்கினார்கள். அதற்கு முன் ஒருபோதும் இல்லாத வசதி அப்போது அவர்களுக்கு இருந்தது. இரண்டு வாகன ஒட்டகங்களும் இருந்தன. நாள்தோறும் காலையில் ஆயத்தமாகப் போவார்கள். எதுவும் செய்யாமல் திரும்புவார்கள். ‘நினைத்தால் முடியும்’ என்ற எண்ணமே நாட்களைத் தின்றது. படை வெகுதூரம் சென்றுவிட்டது.

நபியவர்கள் திரும்பியதும் மற்றவர்கள் பொய்ச் சாக்குகளை அடுக்கினர். கஅப் (ரலி) உண்மையைச் சொன்னார்கள். அதற்காக 50 இரவுகள் ஊர் விலக்கைத் தாங்கினார்கள். பின்னர் அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்டது. உண்மையே தம்மைக் காத்தது என்று பிற்காலத்தில் அவர்களே கூறினார்கள்.

இறையச்சமுடையோர் சுவனத்தில் பெறும் இடத்தைத் திருமறை ‘மக்அத் ஸித்க்’, அதாவது உண்மையின் இருக்கை என்கிறது (54:55). தபூக்கில் பின்தங்கியோர் மகிழ்ந்த இருக்கைக்கும் இதற்கும் சொல் ஒன்றே. முந்தியதை விட்டு எழுந்தவர்க்கே பிந்தியது.

பாங்கு கேட்டும் எழாத கால்களும், பெற்றோர் அழைத்தும் கைப்பேசியை விடாத கைகளும் நம் இல்லங்களில் உண்டு. இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடினார்கள். நாமும் தேடுவோம், தேடியபின் எழுவோம்.