தொகுப்புத் தானுந்துகளில் தரைவிரிப்பு

தொகுப்புத் தானுந்துகளில் தரைவிரிப்பு என்பது, உரிமையாளரே உதிரிப் பாகங்களைக் கொண்டு பொருத்தி உருவாக்கும் எடை குறைந்த விளையாட்டுத் தானுந்துகளின் உட்தளத்தை மூடுவதற்குப் பயன்படும் விரிப்புகளையும், அவற்றை இடுவதா வேண்டாமா என்ற வடிவமைப்புத் தேர்வையும் குறிக்கும். வழக்கில் கார்ப்பெட் என்று கூறப்படும் இவ்விரிப்பு பெருந்தொகையாக உற்பத்தியாகும் மகிழுந்துகளில் தொழிற்சாலையிலேயே இடப்படுகிறது. தொகுப்புத் தானுந்துகளில் இம்முடிவு கட்டுபவரிடம் விடப்படுகிறது. எடை, வெப்பம், ஒலி, துருப்பிடித்தல், தீப்பாதுகாப்பு, பராமரிப்பு ஆகியவை இதில் கருதப்படும் முதன்மைக் காரணிகள் ஆகும்.

பின்னணி

தொகுப்பு விளையாட்டுத் தானுந்துகளுள் பெரிதும் அறியப்பட்டது பிரித்தானியாவின் லோட்டசு செவன் ஆகும். கோலின் சாப்மன் வடிவமைத்த இவ்வுந்து 1957 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எஃகுக் குழாய்களால் ஆன சட்டகமும் அதன் மேல் பொருத்தப்பட்ட மெல்லிய அலுமினியத் தகடுகளும் இதன் அடிப்படை அமைப்பு. முழுமையாகக் கட்டப்பட்ட உந்துகளுக்கு அக்காலத்தில் பிரித்தானியாவில் கொள்முதல் வரி விதிக்கப்பட்டது. உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்தினால் அவ்வரி இல்லை. இதனால் தொகுப்பு முறை பரவியது. 1973 இல் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபோது இச்சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவன் வடிவமைப்பின் உரிமையைக் கேட்டர்காம் நிறுவனம் பெற்று உற்பத்தியைத் தொடர்ந்தது.

1996 இல் ரான் சாம்பியன் என்பவர் எழுதிய நூல், சதுர எஃகுக் குழாய்களையும் பழைய மகிழுந்தின் பாகங்களையும் கொண்டு இத்தகைய உந்தை வீட்டிலேயே கட்டும் முறையை விளக்கியது. இவ்வாறு கட்டப்படுபவை லோகாசுட்டு என அழைக்கப்படுகின்றன. இவ்வகை உந்துகளில் உட்தளம் என்பது பெரும்பாலும் சட்டகத்தின் அடியில் தறையப்பட்ட ஒரே ஒரு தகடு மட்டுமே. அத்தகடு வெறுமையாக இருப்பதா, மூடப்படுவதா என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

தொழிற்சாலை உந்துகளிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. 1996 இல் வெளிவந்த லோட்டசு எலீசு உந்தின் முதல் வடிவில் அலுமினிய உட்தளம் விரிப்பின்றி வெளிப்படையாகவே விடப்பட்டது. ஒட்டி இணைக்கப்பட்ட அதன் அலுமினியச் சட்டகத்தின் எடை 68 கிலோகிராம் மட்டுமே என்பதால், சிறு எடைக் குறைப்புகளும் அவ்வுந்தில் பொருளுடையனவாகக் கருதப்பட்டன.

இந்தியாவில்

இந்தியாவில் தொகுப்புத் தானுந்துகள் மிகவும் குறைவு. மகாராட்டிர மாநிலத்தில் அலிபாக் அருகே அமைந்த சிங்காரா மோட்டார்சு, செவன் வடிவத்தைத் தழுவிய ரோட்சுடர் 1.8எசு என்ற திறந்த இரு இருக்கை உந்தை உருவாக்கியது. இந்துசுத்தான் மோட்டார்சின் கான்டெசா, அம்பாசடர் ஆகியவற்றில் பயன்பட்ட இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எந்திரம் இதில் பொருத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் எடை குறைந்த உந்துகளைக் கட்டும் மரபு பந்தயத் துறையைச் சார்ந்தே வளர்ந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன் மாருதி 800 மகிழுந்தின் எந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய உந்துகளை வடிவமைத்தார். இவை ஃபார்முலா மாருதி என்று அறியப்பட்டன. 1995 இல் வானூர்தி விபத்தில் இறந்த அவருடைய நினைவாகக் கோவையை அடுத்த செட்டிபாளையத்திலுள்ள ஓட்டக்களத்திற்குக் கரி மோட்டார் சுபீடுவே எனப் பெயரிடப்பட்டது. இவ்வகைப் பந்தய உந்துகளில் தரைவிரிப்பு இடப்படுவதில்லை. சாலையிலும் ஓட்டக்களத்திலும் ஒரே உந்தைப் பயன்படுத்த விரும்புவோருக்கே இத்தேர்வு சிக்கலாகிறது.

கருதப்படும் காரணிகள்

எடை

இரு இருக்கை உந்து ஒன்றின் தளமும் எந்திரச் சுரங்கத்தின் பக்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்புக் கொண்டவை எனக் கொள்ளலாம். சதுர மீட்டருக்கு 500 கிராம் எடையுள்ள மெல்லிய ஊசித்துளை விரிப்பு இப்பரப்பிற்கு 1 கிலோகிராம் மட்டுமே வரும். சதுர மீட்டருக்கு 2 கிலோகிராம் எடையுள்ள இரப்பர் அடித்தளம் கொண்ட விரிப்பு 4 கிலோகிராமாகும். அதனடியில் சதுர மீட்டருக்கு 3 கிலோகிராம் எடையுள்ள தார்த் தகட்டையும் ஒட்டினால் மேலும் 6 கிலோகிராம் கூடும். ஆக மொத்தம் 10 கிலோகிராம்.

500 கிலோகிராம் எடையும் 100 குதிரைத்திறனும் உடைய உந்தில் ஒரு டன்னுக்கு 200 குதிரைத்திறன் கிடைக்கிறது. 10 கிலோகிராம் சேர்ந்தால் அது 196 ஆகக் குறைகிறது. ஒப்பீட்டிற்கு, 30 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 22 கிலோகிராம் ஆகும். எனவே உலர்ந்த மெல்லிய விரிப்பின் எடை மட்டும் விரிப்பைத் தவிர்ப்பதற்குப் போதிய காரணமாகாது. குறைந்தபட்ச எடை வரையறுக்கப்பட்ட பந்தயப் பிரிவுகளில், அவ்வரம்பிற்குக் கீழே உள்ள உந்திற்கு எடைக்கட்டி சேர்க்கவேண்டி வருவதால் இவ்வாதத்தின் வலு மேலும் குறைகிறது.

நனைந்த விரிப்பின் கணக்கு வேறு. 2 சதுர மீட்டர் பரப்பும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள விரிப்பின் கனஅளவு 10 லிட்டர். அதில் பாதி இடத்தை நீர் நிரப்பினாலும் 5 கிலோகிராம் கூடிவிடும்.

ஒலியும் அதிர்வும்

மெல்லிய அலுமினியத் தகடு முரசுத் தோல் போல் அதிர்ந்து ஒலி எழுப்பும். இவ்வதிர்வைத் தணிப்பது தகட்டில் ஒட்டப்படும் பிசுபிசுப்பான தணிப்புத் தகடே அன்றி விரிப்பு அன்று. விரிப்பு உயர் அதிர்வெண் ஒலியையே ஓரளவு உறிஞ்சும்; தாழ்ந்த முழக்கத்தின் மீது அதன் பயன் சிறிது. மேலும் கூரையற்ற உந்தில் வேகம் கூடும்போது காற்றின் இரைச்சலே மேலோங்குகிறது. அமைதிக்காக மட்டும் விரிப்பு இடுவோர் ஏமாற்றமடைவது இதனாலேயே. தணிப்புத் தகட்டைத் தளம் முழுவதும் ஒட்டாமல், அதிர்வு மிகுந்த நடுப்பகுதிகளில் மட்டும் ஒட்டினால் குறைந்த எடையில் பெரும்பயன் கிடைக்கும்.

வெப்பம்

எந்திரத்திற்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரும் பல்லிணைப் பெட்டியை மூடும் சுரங்கமும் ஓட்டுநரின் கால்களுக்கு மிக அருகில் உள்ளன. அலுமினியம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் கோடையில் இப்பகுதிகள் தொட இயலாத சூட்டை அடையலாம். விரிப்பு இங்கு உண்மையான பயன் தருகிறது. எனினும் வெப்பத்தைத் தெறிக்கும் படலத்தை எந்திரப் பக்கத்திலேயே பொருத்துவது, உட்புறத்தில் தடித்த விரிப்பு இடுவதைவிடச் சிறந்ததாகக் கருதப்படுகிறது. ஒட்டுப்பசை வெப்பத்தில் இளகி விரிப்பு கழன்றுவிடுவதும் உண்டு.

துருப்பிடித்தல்

நெடுங்காலப் பயன்பாட்டில் இதுவே முதன்மையான காரணியாகும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடக்கும்போது எஃகு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. நீரைத் தேக்கி வைத்திருக்கும் விரிப்பு, வெளியே வெயில் அடிக்கும் நாளிலும் தன் அடியில் இவ்வீரத்தைத் தக்கவைக்கிறது. சட்டகத்தின் கீழ்க் குழாய்களும் தறையாணி வரிசைகளும் அங்குதான் உள்ளன. சட்டகத்தின் வண்ணப்பூச்சில் ஒரு கீறல் இருந்தாலும் துரு பூச்சின் அடியில் பரவி, மேலே தெரிவதற்கு முன் குழாயை அரித்துவிடலாம்.

எஃகும் அலுமினியமும் தொடும் இடங்களில் மற்றோர் இடரும் உள்ளது. இரு உலோகங்களுக்கிடையே உப்பு கலந்த நீர் இருக்கும்போது அது மின்கலம் போல் செயற்பட்டு அலுமினியத்தை அரிக்கிறது. இது மின்வேதி அரிப்பு எனப்படும். கடலோர நகரங்களில் இவ்விடர் மிகுதி.

தீப்பாதுகாப்பு

எரிபொருள், தடுப்பான் நீர்மம், எண்ணெய் ஆகியவை கசிந்தால் வெறும் தளத்தில் உடனே தெரியும். விரிப்பு இவற்றை உறிஞ்சி மறைப்பதோடு எரியும் பொருளாகவும் மாறுகிறது. உந்துகளின் உட்பொருள்கள் எரியும் வேகத்தைப் பல நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. அமெரிக்காவின் 302 ஆம் எண் தரநிலை இவ்வேகம் நிமிடத்திற்கு 102 மில்லிமீட்டரை மிஞ்சக்கூடாது என்கிறது. கடையில் வாங்கும் வீட்டுத் தரைவிரிப்பு இத்தகைய சோதனைக்கு உட்பட்டிருக்கும் என்று கொள்ள இயலாது.

மிதிகளும் பிடிமானமும்

இவ்வுந்துகளில் மிதிகள் அமைந்த இடம் மிகக் குறுகியது. நழுவும் பாய் முடுக்கியின் அடியில் சிக்கினால் உயிரிடர் நேரலாம். 2009 செப்டம்பரில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 38 இலட்சம் உந்துகளைத் தரைப்பாய் முடுக்கியில் சிக்கும் இடர் காரணமாகத் திரும்ப அழைத்தமை குறிப்பிடத்தக்கது. மறுபுறம், மழையில் நனைந்த வெறும் அலுமினியத் தளத்தில் குதிகால் வழுக்கும். ஆதலால் விரிப்பைத் தவிர்ப்பவர்களும் குதிகால் ஊன்றும் இடத்தில் சொரசொரப்பான நாடாவையோ மேடுபள்ளத் தகட்டையோ பொருத்துகின்றனர்.

செட்டிநாட்டுச் சூழல்

வலையபட்டி, காரைக்குடி உள்ளிட்ட செட்டிநாட்டுப் பகுதி ஆண்டின் பெரும்பகுதி வறண்ட வெப்பம் உடையது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. செம்மண், செம்புறை நிலங்களின் நுண்ணிய புழுதி திறந்த உந்துகளின் உட்புறத்தில் எளிதில் படியும். வெறும் தளத்தில் இதனை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். விரிப்பிலோ அது இழைகளின் அடியில் தங்கி, மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சேறாகிறது.

இப்பகுதியின் ஊர்களில் பல பெரிய வீடுகள், உரிமையாளர்கள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்வதால், திருமணம், படைப்பு போன்ற நிகழ்வுகளுக்கு மட்டுமே திறக்கப்படுகின்றன. அவ்வாறு மாதக்கணக்கில் பூட்டிய கொட்டகையில் நிற்கும் உந்தில் ஒட்டப்பட்ட விரிப்பு பூஞ்சணம் பிடிப்பதற்கும் எலிகள் கூடுகட்டுவதற்கும் இடமளிக்கிறது. இந்நிலையில் கழற்றித் தனியே உலர வைக்கக்கூடிய பாயே பொருத்தமானது.

உலோக அரிப்பு பற்றிய ஆய்வில் இந்தியாவின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே அமைந்துள்ளது. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான இவ்வாய்வகம் 1953 சனவரியில் திறக்கப்பட்டது. கடற்காற்றில் உலோகங்கள் அரிக்கப்படும் வேகத்தை அறிய மண்டபத்தில் இதன் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

நடைமுறைத் தேர்வுகள்

கட்டுபவர்கள் பொதுவாகப் பின்வரும் நான்கு வழிகளுள் ஒன்றைத் தேர்கின்றனர்.

* வெறும் தளம்: ஓட்டக்களப் பயன்பாட்டிற்கு ஏற்றது. கசிவும் விரிசலும் உடனே தெரியும். வெப்பமும் முழக்கமும் மிகுதி.
* இரப்பர் பாய்: கழுவுவதற்கு எளிது, நீரை உறிஞ்சாது. ஆனால் அதன் அடியில் நீர் தேங்கக்கூடும் என்பதால் அடிக்கடி தூக்கிப் பார்க்கவேண்டும்.
* கழற்றக்கூடிய விரிப்பு: அழுத்துப் பொத்தான்களாலோ வெல்குரோ நாடாவாலோ பொருத்தப்படுவது. சாலைப் பயணத்திற்கு இட்டு, பந்தய நாளில் எடுத்துவிடலாம்.
* ஒட்டப்பட்ட முழு விரிப்பு: தோற்றத்தில் சிறந்தது. கூரையுடனும் மூடிய கொட்டகையிலும் பயன்படும் உந்துகளுக்கே பொருந்தும்.

சுரங்கத்தின் பக்கங்களில் ஒட்டிய மெல்லிய விரிப்பும் கால் வைக்கும் தளத்தில் கழற்றக்கூடிய பாயும் கொண்ட கலப்பு முறையும் உண்டு. நீர் தேங்காத செங்குத்துப் பரப்புகளில் விரிப்பின் வெப்பத் தடுப்பைப் பெற்று, நீர் தேங்கும் தளத்தைத் திறந்து பார்க்கும் வசதியையும் இது காக்கிறது.

எம்முறையாயினும், உந்து முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடி, கசிவுகளும் தளர்ந்த திருகாணிகளும் சரிசெய்யப்பட்ட பின்னரே விரிப்பு இடுவது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. அதற்குமுன் தளத்தின் தாழ்ந்த இடங்களில் வடிதுளைகள் இட்டு, வெட்டிய விளிம்புகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு பூச வேண்டும். விரிப்பை நேரடியாக வெட்டாமல் தடித்த தாளில் அச்சு எடுத்து வெட்டினால் துணி வீணாவதில்லை.

சட்ட நிலை

இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக உந்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. சட்டகம், எந்திரம் ஆகியவற்றின் மாற்றம் இதன்கீழ் வரும். தரைவிரிப்பு அவ்விவரங்களில் தனியே இடம்பெறும் பாகம் அன்று.

இவற்றையும் பார்க்க

* தானுந்து
* உலோக அரிப்பு
* மத்திய மின்வேதியியல் ஆய்வகம்
* கரி மோட்டார் சுபீடுவே
* செட்டிநாடு