குறித்ததைத் தேடி எடுத்தல்

படித்தவற்றுள் பயனுடையதைக் குறித்து வைப்பது எவர்க்கும் எளிது. வேண்டிய வேளையில் அதனைத் தேடி எடுப்பதே அரிது. இணையப் பக்கங்களின் முகவரிகளை நூற்றுக்கணக்கில் சேமித்து வைத்தும், பாடம் நடத்தப் போகும்போது ஒன்றும் அகப்படாமல் ஆசிரியர்கள் தவிப்பதை இன்று காண்கிறோம். இத்தொல்லை புதியதன்று. இதற்குத் தனி மனிதர் தம் தேவைக்கெனக் கண்ட வழிகளும் பழமையானவையே.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், தம் குறிப்பேட்டுக்கு அமைத்த அட்டவணை முறையை 1686ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். தலைப்புச் சொல்லின் முதலெழுத்தும், அதன் பின் வரும் முதல் உயிரெழுத்தும் சேர்ந்து ஒரு கட்டம். அக்கட்டத்துள் பக்க எண். நூல் என்று பொருள்படும் ‘லிபெர்’ என்னும் இலத்தீன் சொல்லை, லகரமும் இகரமும் கூடும் கட்டத்தில் தேடவேண்டும். உயிர்மெய் வரிசை பயின்ற நமக்கு இது உடனே விளங்கும். நூறு கட்டங்கள் இரண்டே பக்கங்களில் அடங்கின.

அகரவரிசை மட்டும் போதாது என்றார் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் வன்னெவர் புஷ். மனித மனம் ஒன்றை நினைத்ததும் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்குத் தாவுகிறது அன்றோ? அவ்வாறே ஏடுகளை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் ‘மெமெக்ஸ்’ என்னும் மேசைப்பொறியை, 1945 ஜூலையில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் அவர் விவரித்தார். அப்பொறி செய்யப்படவேயில்லை, எண்ணம் மட்டும் நிலைத்தது.

இணையம் பரவியபின், ஜோஷுவா ஷாக்டர் என்பவர் தாம் கண்ட பக்கங்களின் முகவரிகளை ஓர் எளிய எழுத்துக் கோப்பில் குறித்து, பக்கத்திலேயே சிறு குறிச்சொற்களையும் எழுதி வந்தார். நூலக அலமாரியில் ஒரு நூலுக்கு ஓரிடமே உண்டு. குறிச்சொல் முறையிலோ, ஒரே பக்கம் ‘கணிதம்’ என்றாலும் ‘வரலாறு’ என்றாலும் கிடைக்கும். தமக்கெனச் செய்த இம்முறையை வளர்த்து, 2003இல் ‘டெலிஷியஸ்’ என்னும் பொதுத் தளமாக்கினார். 2005இல் யாஹூ நிறுவனம் அதனை வாங்கியது. பின்னர் அது பல கைகள் மாறியது. 2017இல் ‘பின்போர்டு’ என்னும் தளத்தின் உரிமையாளர் அதனை வாங்கியபின், புதிய முகவரி சேர்க்கும் வசதி நின்றது. 2007இல் வேறு பெயரில் பிறந்து, பின் ‘பாக்கெட்’ எனப் பெயர்பெற்ற மற்றொரு சேமிப்புக் கருவியும் 2025 ஜூலையில் மூடப்பட்டது.

லாக்கின் குறிப்பேடுகளோ ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இன்றும் உள்ளன!

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் பிறர் பெட்டகத்தை மட்டும் நம்பியிராமல், தமக்கென ஓர் எளிய கோப்பை வைத்துக்கொள்வது நலம். பக்கம் ஒன்றுக்கு ஒரு வரி போதும்: முகவரி, கண்ட நாள், இரண்டு குறிச்சொற்கள், எந்த வகுப்புக்கு எதன்பொருட்டு வேண்டும் என்ற குறிப்பு. முகவரி இருந்தும் பக்கம் மறைந்துவிடுவதுண்டு. ஆதலின் இன்றியமையாத பகுதியைப் படியெடுத்து வைத்தலும் வேண்டும். கோப்பின் படி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். எதன்பொருட்டு வேண்டும் என்னும் அக்குறிப்பை மட்டும் எந்தக் கருவியும் நமக்காக எழுதித் தராது. அதை நாமே எழுதவேண்டும்.